கெடு வைத்த வேலை

திண்டிவனத்தில் தொடங்கி செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் என்று மேற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை 77, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் எட்டும் பெரிய ஊர் சிங்காரப்பேட்டை. ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர். மறுபக்கம் மானாவாரி நிலங்களும் மாந்தோப்புகளும். இங்கிருந்து ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி ஓசூர் போய்ச்சேர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மாவட்டம் என்னவோ ஒன்றுதான். கிழக்குக் கோடியில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிழைப்பு மேற்குக் கோடியில் இருக்கிறது.

பாதை மிகப் பழையது. மைசூர்ப் பக்கத்திலிருந்து, பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வட்டாரம் வழியாகக் கீழ்நாட்டுக்கு இறங்கும் படைகளுக்குச் செங்கம் கணவாய் ஒரு வாசலாக இருந்தது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயக் கர்னல் ஸ்மித்தின் படையும் செங்கத்தில் மோதிக்கொண்டன. இன்று இதே வழியில் போகிறவர்கள் கூலிக்குப் போகிறவர்கள். பெங்களூருக் கட்டட வேலைக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனவர்கள், ஏஜெண்டு கொடுத்த முன்பணத்தை நம்பி ஆந்திரக் காட்டுக்குப் போனவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். இந்த மண்ணில் வேலை என்ற ஒன்று இல்லாமல் போனதன் கணக்கு அது.

பத்து வருடத்தில் காட்சி மாறியிருக்கிறது. விடியற்காலையில் நெடுஞ்சாலை நிறுத்தங்களில் இப்போது அதிகம் தென்படுவது பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பெண்கள். தோளில் ஒரு பை. அதில் சம்படமும் தண்ணீர் பாட்டிலும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். பஸ் ஏறியதும் ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது, பார்க்க நேரமில்லை. இன்றைய இளைஞர்கள் எந்நேரமும் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் இந்த ஐந்தரை மணிப் பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு காலையில், பூக்கூடையோடு ஏறிய பெரியம்மா ஒருத்தர் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்கிறார்.

“கம்பெனிக்கா பாப்பா?”

“ஆமாங்க பெரிம்மா.”

“எத்தன வருசத்துக்கு?”

“ட்ரெய்னிங்தாங்க. ரெண்டு வருசம், மூணு வருசம் வெச்சிருப்பாங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்க, வீட்ல மாப்ள பாத்துட்டு இருக்காங்க.”

பெரியம்மா தலையாட்டிவிட்டு, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுக்கிறார். அந்தப் பெண் மறுத்துவிடுகிறாள். கம்பெனி லைனில் பூ வைக்கக் கூடாதாம்.

இந்தச் சின்னப் பேச்சில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. வீடு ஒரு கெடு வைத்திருக்கிறது, கம்பெனி ஒரு கெடு வைத்திருக்கிறது, இரண்டும் ஒரே வருடத்தில் முடிகின்றன. யாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. ஆனாலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திப்போகிறது.

ஊத்தங்கரை வந்ததும் சாலையின் இரு பக்கமும் பள்ளிகளின் விளம்பரப் பலகைகள். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் அது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் அடித்துப் போனதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முன் ஊத்தங்கரையைத் தமிழ்நாடு அறிந்தது பிளஸ் டூ ரிசல்ட் நாளில். 2014இலும் 2016இலும் மாநில முதலிடம் இந்த ஊர்த் தனியார் பள்ளியிலிருந்து வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளிகள், காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடும் வார்டன்கள், வாராவாரம் தேர்வு, மாதம் ஒருமுறை பெற்றோர் வருகை. நாமக்கல், ராசிபுரம், ஊத்தங்கரை என்று ஒரு பெரிய பிராந்தியமே மதிப்பெண் விளைவித்தது.

பிறகு அரசே குறுக்கிட்டது. 2017இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூவை நடத்தும் பழக்கத்தை முறிக்க, 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது நீக்கவும் பட்டது. இடையில் நீட் வந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இருந்த கணக்கையே அழித்தது. நிலத்தை விற்று ஃபீஸ் கட்டியவர்கள் நடுவழியில் விதி மாறியதைப் பார்த்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மீது இத்தனை சோதனைகளைப் பத்து வருடத்துக்குள் செய்து பார்த்த சமூகம் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தப் பள்ளிகளுக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்கள்தான் இந்தப் பஸ்ஸில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள். இவர்களுக்காக 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்தால் கிடைக்கும். அதற்கு முன்னோடியாக இருந்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் என்பதிலிருந்து கல்லூரிக்கு மாதப்பணம் என்று மாறியது சாதாரண விஷயம் அல்ல. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியாவில் 28.4 சதவீதம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சந்தைக்கும் பள்ளிக்கும் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போய்வரும் பழக்கம் இந்த ஊர்ப் பெண்களுக்கு வந்திருக்கிறது. வெளியூர்ப் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

மத்தூர் தாண்டினால் போச்சம்பள்ளிக்குக் கிளைச்சாலை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர் இது. ஆடு, மாடு, கோழி, கருவாடு, கயிறு என்று என்ன வேண்டுமானாலும் வாங்கலாம். இன்று போச்சம்பள்ளியின் அடையாளம் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை. 500 ஏக்கரில் எழுந்த அந்த ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், பத்தாயிரம் பெண்களுக்கு வேலை என்று நிறுவனர் பவிஷ் அகர்வால் 2021 செப்டம்பரில் அறிவித்தார். வரிசை வரிசையாகப் பெண்கள் நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கம்பு, ராகிக் காட்டில் வேலை பார்த்த அம்மாக்களின் மகள்கள் பேட்டரி பொருத்தினார்கள், வெல்டிங் ரோபோவின் பக்கத்தில் நின்றார்கள். மறுக்க முடியாத மாற்றம். மூன்றரை வருடம் கழித்து, 2025 மார்ச்சில், நிறுவனம் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களையும் காண்ட்ராக்ட் ஆட்களையும் குறைக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஸ்கூட்டர் விற்பனை ஏறினால் ஆள் எடுப்பார்கள், இறங்கினால் அனுப்புவார்கள் என்பதை இந்தப் பெண்கள் இருபது வயதிலேயே படித்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய கணக்குதான். அவர்களின் வயதைக் கேட்டால்தான் சங்கடம் தொடங்குகிறது.

இதே ஊர்களுக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் சுமங்கலித் திட்டம் என்று ஒன்றை வைத்திருந்தன. மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் அந்தத் தொகை கேள்விக்குறி. நீதிமன்றமும் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டுத் துணிக்கடைகளும் சத்தம் போட்ட பிறகு அந்தப் பெயர் மறைந்தது. ஓசூர் வேலை அப்படிப்பட்டதல்ல. மாதாமாதம் வங்கியில் சம்பளம் விழுகிறது, வார விடுமுறை உண்டு. என்றாலும் கல்யாணத்துக்கு முன்னால் சில வருடம் மட்டுமே பெண்ணுக்கு வேலை என்ற அந்தக் கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அந்தச் சில வருடத்தில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன நடக்கிறது என்பதை ஊர் உன்னிப்பாகப் பார்க்கிறது. சம்பளத்தில் வீட்டுக்கு மேற்கூரை மாறுகிறது, தம்பிக்கு ஃபீஸ் கட்டப்படுகிறது, அப்பாவின் கடன் அடைகிறது. அவள் கையில் ஏ.டி.எம். அட்டை வருகிறது. வேற்றூர், வேற்றுச்சாதி ஆட்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறாள். யாரையாவது பிடித்தும் போகிறது. அங்கேதான் ஊர் கத்தியை எடுக்கிறது.

ஊத்தங்கரைப் பக்கத்து அருணபதி கிராமத்தில் 2023 ஏப்ரலில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. திருப்பூரில் துணி நிறுவனத்தில் வேலை செய்தபோது பழகி, பட்டியல் சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட மகனைத் தந்தையே வெட்டிக் கொன்றார். தடுக்க வந்த தன் தாயையும் கொன்றார். மருமகள் படுகாயத்தோடு உயிர் தப்பினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மார்ச் மாதம், கிருஷ்ணகிரி அணைப் பக்கத்தில் நட்ட நடுப்பகலில் ஓர் இளைஞரை மாமனார் தரப்பு வெட்டிக் கொன்றிருந்தது. 2018 நவம்பரில் சூளகிரிப் பக்கத்துச் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த, கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்த இருவர் கடத்தப்பட்டார்கள். கை கால் கட்டப்பட்ட அவர்களின் உடல்கள் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. மூன்று சம்பவங்களும் இந்த ஒரே சாலையை ஒட்டிய ஊர்களில். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இவ்வளவு பிணங்களுக்குப் பிறகு வந்த அறிவிப்பு அது.

ஓசூருக்குச் சில கிலோமீட்டரில் இருக்கும் தொரப்பள்ளி, ராஜாஜி பிறந்த ஊர். அவர் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் விரும்பியபோது இரண்டு தகப்பன்மாரும் தயங்கினார்கள். ஐந்து வருடம் பிரிந்திருங்கள், அப்போதும் மனம் மாறாவிட்டால் பார்ப்போம் என்றார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1933இல் கல்யாணம் நடந்தது. சாதி வேறு, மொழி வேறு. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பெரியவர்கள் கேட்டது காத்திருப்பு. இன்று அதே வட்டாரத்தில் கேட்கப்படுவது உயிர்.

காதலுக்குப் பயந்தே சிறுவயதில் கட்டிக்கொடுப்பதும் இந்த மாவட்டத்தில் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள். அகில இந்திய அளவான 23.3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைக் கிராமத்தில் அழுது கதறும் 14 வயதுச் சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சி செல்போன்களில் பரவியபோது அந்த ஒப்பீடு யாருக்கும் ஆறுதல் தரவில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளை. அவளைவிட இரண்டு மடங்கு வயதானவருக்குப் பெங்களூரில் வைத்துக் கட்டிவைத்திருந்தார்கள். வேண்டாம் என்று திரும்பி வந்தவளைத்தான் தூக்கிப் போனார்கள். காட்சி பரவிய பிறகு போலீஸ் வந்தது, கைது நடந்தது. ஐ.டி. நகரத்தின் விளிம்பிலிருந்து சில மணி நேரத் தொலைவில், மேல்நிலைப் பள்ளிக்குப் போகப் பஸ் சரியாக இல்லாத ஊர்கள் இன்னும் உள்ளன. அங்கே பள்ளி நின்றால் அடுத்தது கல்யாணம்தான்.

இதைப் பார்த்த பிறகு, மூன்று வருடத் தொழிற்சாலை வேலை என்பதைக் குறைவாகப் பேச மனம் வராது. இந்த மாவட்டத்தில் ஒரு பெண் “இப்போ வேண்டாம், வேலைக்குப் போறேன்” என்று சொல்ல ஒரு காரணத்தை அது கொடுத்தது. பதினெட்டு இருபத்திரண்டு ஆனது. சில வீடுகளில் இருபத்தைந்தும் ஆனது. சிங்காரப்பேட்டையிலிருந்து மேற்கே போகும் ஒவ்வொரு பஸ்ஸும் நான்கைந்து கல்யாணங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கிருஷ்ணகிரிக்கு மேல் சாலை அகலமாகிவிடுகிறது. மாம்பழக்கூழ் ஆலைகள், கிரானைட் பட்டறைகள், அப்புறம் சூளகிரியின் பாறைக் குன்றுகள், ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்கள். பஸ்ஸில் தெலுங்கும் கன்னடமும் கலக்கத் தொடங்குகின்றன. ஓசூர்.

1970களில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தபோது இது சின்ன ஊர். 1980இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் வந்தது. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கடிகார ஆலையை இங்கே வைத்தது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, கடிகாரத்தின் நுண்ணிய பாகங்களைக் கோக்கப் பழக்கியது. அப்படி உள்ளே போனவர்கள் ‘பெர்மனென்ட்’ ஆனார்கள். வீடு கட்டினார்கள், பிள்ளைகளை என்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள், சங்கம் வைத்தார்கள், சம்பள ஒப்பந்தம் பேசினார்கள். இன்றைய ஓசூரின் நடுத்தர வர்க்கம் அவர்கள்தான். 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்த ஊரை, அந்த நிரந்தர வேலைகள்தான் கட்டின.

அவர்களின் பிள்ளைகள் வயதில் இன்று வருகிறவர்களுக்கு வேலையின் பெயர்களே வேறு: ட்ரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட், எஃப்.டி.சி. என்கிற குறிப்பிட்ட கால ஒப்பந்தம். 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் தொழில் கற்றுக்கொடுக்க வந்தது. 2019இல் திருத்தப்பட்ட விதிப்படி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பயிற்சியாளருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000. பல கம்பெனிகள் இதைவிட அதிகம் கொடுக்கின்றன. ஆனால் பயிற்சியாளர் சட்டப்படி தொழிலாளி கிடையாது. கம்பெனி நினைத்தால் பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம்; அடுத்த செட் வாசலில் நிற்கும். ஒரே திருகை ஒரே இடத்தில் ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான தடவை முடுக்குவதைக் கற்க மூன்று வருடம் எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படுபவருக்கு ஒரே வருடத்தில் கிராஜுவிட்டி உண்டு என்கின்றன. அந்த வரம்புக்கு வெளியேதான் அப்ரண்டிஸ் நிற்கிறார்.

ஓசூரைத் தாண்டித் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் திம்ஜேப்பள்ளி. டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான உதிரிபாகங்களைச் செய்யும் மாபெரும் ஆலை இங்கே இருக்கிறது. அதன் ஆட்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 செப்டம்பர் 28 அன்று தீப்பிடித்து உற்பத்தி நின்றபோதுதான் வெளியுலகம் இந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தொடங்கியது. ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் ஐபோன் வேலைக்குப் பயிற்சி பெற்றிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். சிங்காரப்பேட்டைப் பெண் நூறு கிலோமீட்டர் வருகிறாள் என்றால், ஜார்க்கண்டுப் பெண் நாட்டின் பாதியைக் கடந்து வருகிறாள். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. லைனில் சைகையும் கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் தமிழும் போதுமானதாக இருக்கிறது. ஓசூர்க் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலை இவர்கள் கூட்டமாக நடந்து போவதைப் பார்க்கலாம். பானிபூரிக் கடைக்காரர் ஒடியாவில் விலை சொல்கிறார்.

விடுதி வாழ்க்கைதான் இவர்களின் மறுபாதி. ஓர் அறையில் பலர், ஷிப்ட் மாறி மாறித் தூக்கம், பூட்டும் நேரம், வெளியே போனால் பதிவேட்டில் கையெழுத்து. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்கள் பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கம் அழைக்கவில்லை, தலைவர் கிடையாது. வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது, வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2025 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்துப் பெண்கள் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டபோதும் அதேதான் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாக வெளியே வந்து உட்கார்ந்தார்கள். கைதும் நடந்தது. சொந்த ஊரில் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகப் பழகாத பெண்கள் இவர்கள். கம்பெனி தராத பயிற்சி ஒன்றை அன்று இரவு தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள்.

இரவு ஷிப்டுக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்தது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு, தனி ஓய்வறை என்று நிபந்தனைகளை விதித்தது. தீர்ப்பின் முதல் பாதியைக் கம்பெனிகள் உடனே எடுத்துக்கொண்டன.

இளைஞர்கள் பக்கமும் நிம்மதி இல்லை. ஓசூரிலிருந்து ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. 2023 அக்டோபர் 7 அன்று அங்கே பட்டாசுக் கடை கிடங்கில் தீப்பிடித்தது. 14 உடல்கள் மீட்கப்பட்டன. சிகிச்சையில் இருந்தவர்களில் சிலரும் பிறகு இறந்தார்கள். இறந்தவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்து டி. அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் பலர். ஊத்தங்கரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம் அந்த ஊர். அவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். தீபாவளிக்கு முந்தைய சில வாரம் பெட்டி இறக்கினால் ஃபீஸுக்கும் துணிமணிக்கும் ஆகும் என்று வந்தவர்கள். கோலார் நரசாபுராவில் 2020 டிசம்பர் 12 அன்று சம்பள பாக்கிக்காக ஐபோன் ஆலையை அடித்து நொறுக்கியவர்களும் இதே வயதுக்காரர்கள்தான். பி.இ. படித்துவிட்டு ஐ.டி.ஐ. படித்தவரின் வேலையை, அவரைவிடச் சற்றே கூடுதல் சம்பளத்துக்குப் பார்க்கும் இளைஞர்களை ஓசூரின் எந்த டீக்கடையிலும் சந்திக்கலாம்.

இந்த எல்லைப்புறத்துக்கு இன்னும் பல ஆயிரம் கோடி முதலீடு வரும். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தாகிவிட்டது. ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்போதும் எத்தனை பேருக்கு வேலை என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண்ணோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உங்கள் ஆலையில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் லைனில் இருக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதி 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டத்தில் வந்தது; 26 வார விடுப்பும் அதில்தான் வந்தது. இருபத்து நான்கு வயதில் அனுப்பிவிட்டால் காப்பகமும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம். கெடு வைப்பதன் லாபம் அங்கே இருக்கிறது.

மாவட்டத் தொழில் மையமும் தொழிலாளர் துறையும் ஆலைவாரியாக இந்தக் கணக்கை எடுத்து ஆண்டுதோறும் வெளியிடலாம். அரசு நிலமும் மின்சலுகையும் வாங்கும் நிறுவனங்களிடம் கேட்க அரசுக்கு முழு உரிமை உண்டு. சிங்காரப்பேட்டைப் பெற்றோரும் கேட்கலாம்: மகளுக்குக் கொடுக்கும் தாளில் ‘அப்ரண்டிஸ்’ என்று இருக்கிறதா, ‘தொழிலாளி’ என்று இருக்கிறதா, பி.எஃப். எண் இருக்கிறதா, பயிற்சி முடிந்தபின் என்ன என்று எழுதியிருக்கிறதா. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஜாதகம் பார்ப்பதற்கு முன் இன்னொரு கேள்வியும் கேட்கலாம், எங்கள் பெண் வேலையைத் தொடர்வாள், சம்மதமா என்று. கேட்கும் வீடுகள் இப்போதே சில இருக்கின்றன. அந்த எண்ணிக்கை கூட வேண்டும்.